வெயிலின் அளவும் வெந்நீரின் அளவும்

மலைநாட்டிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு வெந்நீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய நாலாயிரம் அடி உயரத்தில், சிவனொளிபாத மலைக்கு அணித்தாக அமைந்த நமது மஸ்கெலியாவில், விடியற்காலம் ஐந்து மணிக்குக் குழாயைத் திறந்து கையை நீட்டியவர் எவரும் அதனை நன்கு அறிவர். கொழும்பிலே வெந்நீர்க் குளியல் ஒரு சுகபோகம். இங்கோ கைக்குழந்தை உள்ள வீட்டிலும், இழுப்பு நோயால் வருந்தும் முதியோர் உள்ள வீட்டிலும், பள்ளிக்குப் பிள்ளைகள் புறப்படும் வீட்டிலும் அஃது அன்றாடத் தேவை. அத்தேவைக்கு இதுவரை விடையளித்து வந்தது விறகடுப்பு. அந்த விறகைச் சுமப்பவரும் அதன் புகையைச் சுவாசிப்பவரும் யார் என்பதை இப்பகுதியை வாசிக்கும் தாய்மாருக்கு நாம் சொல்ல வேண்டுமா?

இப்பொழுது நகரத்துக் கடைவீட்டு மாடிகளிலும், உத்தியோகத்தர் இல்லங்களிலும், ஒருசில தோட்ட வீடுகளிலுங்கூடச் சூரிய வெப்பத்தால் நீரைச் சூடாக்கும் சாதனங்கள் காணப்படுகின்றன. கூரைமேல் சாய்ந்து கிடக்கும் கறுப்புத் தகடும், அதன் தலைமாட்டிலே உருளை வடிவான தொட்டியும் அதன் அடையாளம். வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடு வேறு, இது வேறு. இதில் மின்சாரம் பிறப்பதில்லை. கறுப்பு நிறம் வெயிலை உறிஞ்சுகிறது. மேலே மூடிய கண்ணாடி உட்புகுந்த வெப்பத்தை வெளியே போகவிடாது தடுக்கிறது. தகட்டோடு ஒட்டிய செப்புக் குழாய்களில் உள்ள நீர் சூடேறுகிறது. சூடேறிய நீர் இலேசாகி மேலெழுந்து தொட்டிக்குள் செல்ல, தொட்டியின் அடியிலுள்ள குளிர்ந்த நீர் கனம் மிகுந்து கீழிறங்கித் தகட்டுக்குள் வருகிறது. பம்பியும் வேண்டாம், ஆளும் வேண்டாம். வெயில் உள்ளவரை நீர் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. சுவிற்சர்லாந்து விஞ்ஞானி சோசூர் என்பார் 1767 இலேயே கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வெயிலைப் பிடித்து வைத்துக் காட்டினார். 1891 இல் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரத்து கெம்ப் என்பவர் வெயிலில் நீர் சுடவைக்கும் பெட்டிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஆனால் அவருடைய பெட்டியில் ஒரு குறை. பகலில் சூடான நீர் இரவில் ஆறிவிடும். 1909 அளவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த வில்லியம் பெய்லி என்பவர், சூடேற்றும் தகட்டையும் சேமிக்கும் தொட்டியையும் வெவ்வேறாகப் பிரித்து, தொட்டியைச் சுற்றி வெப்பம் கடவாத உறையைப் போர்த்திவிட்டார். பகலிலும் இரவிலும் வெந்நீர் கிடைத்தது. இன்று நம் கூரைகளில் உள்ளவை அவருடைய யோசனையின் வழிவந்தவையே. இஸ்ரவேல் நாட்டில் 1980 ஆம் ஆண்டிலிருந்து புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு இதனைச் சட்டமே கட்டாயமாக்கியது. பெங்களூருக்குச் சென்று வந்த நம்மவர், அங்கே வீட்டு மாடிகளில் இத்தொட்டிகள் வரிசை வரிசையாக இருப்பதைக் கண்டிருப்பர்.

இவ்வளவு எளிய சாதனம் நம் பகுதியில் ஏன் சில வீடுகளில் மகிழ்ச்சியையும் வேறு சில வீடுகளில் மனக்கசப்பையும் தருகிறது? சாதனம் பழுது என்பதால் அன்று. அளவு பிழைத்துவிட்டது என்பதே காரணம்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்னால் விஷயம் தெளிவாகும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர் என ஐவர் அக்குடும்பத்தில் உள்ளனர். லயத்தை விட்டு நீங்கித் தனி வீட்டுக்குக் குடிவந்தவர்கள். அம்மையார் தம் ஊழியர் சேமலாப நிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, "எனக்குத்தான் காலமெல்லாம் விறகும் புகையுமாப் போச்சு, மருமகளுக்காவது வேணாம்" என்று சொல்லி இச்சாதனத்தை வாங்கினார். விற்பனையாளர் காட்டிய அட்டவணையில் ஐந்து பேருக்கு 200 லீற்றர் தொட்டியும் 2 சதுர மீற்றர்த் தகடும் போதும் என்று இருந்தது. தை மாதத்தில் பூட்டினார்கள். ஒருவாறு சூடு வந்தது. ஆனி மாதம் பிறந்ததும் நிலைமை மாறியது. "கையை வச்சுப் பாத்தா பச்சத் தண்ணிதான் மாஸ்டர்" என்று அவர் நம்மிடம் சொன்னபோது, தண்ணீரின் குளிரைக் காட்டிலும் வேறொன்று அவரை வருத்தியது தெரிந்தது. மருமகள் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. பழையபடி விடியுமுன் எழுந்து அடுப்பை மூட்டினாள். அந்த மௌனத்தை ஒவ்வொரு நாளும் காண்பதுதான் மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

அந்த அட்டவணை பொய்யா? பொய் அன்று. அது கொழும்புக்கு எழுதப்பட்ட உண்மை. அதனை மஸ்கெலியாவுக்கு எடுத்து வந்ததுதான் தவறு. எப்படி என்று கணக்கிட்டுக் காட்டுவோம். கணக்கு என்றதும் பத்திரிகையை மடித்துவிட வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த பெருக்கலும் வகுத்தலுமே இதற்குப் போதும்.

ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை சூடாக்க ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். மின்சாரப் பட்டியலில் நாம் காணும் ஓர் அலகு என்பது 860 கிலோ கலோரிக்குச் சமம். இவ்விரண்டையும் நினைவில் வைத்தால் போதும். குளிப்பதற்கு உடம்புக்கு இதமான சூடு 40 பாகை. ஒருவருக்கு இரண்டு வாளி, அதாவது 40 லீற்றர் என்று வைத்தால், ஐவருக்கு 200 லீற்றர். கொழும்பில் குழாய் நீர் 28 பாகையளவில் வருகிறது. அதை 40 ஆக்க 12 பாகை ஏற்றினால் போதும். 200 ஐ 12 ஆற் பெருக்க 2,400 கிலோ கலோரி, ஏறக்குறைய 2.8 அலகு. மஸ்கெலியாவில் நம் மாணவர்களைக் கொண்டு வெப்பமானியால் அளந்து பார்த்தோம். ஊற்று நீரும் குழாய் நீரும் 18 பாகையை ஒட்டியே நின்றன. குளிர் மிகுந்த காலைகளில் அதற்கும் கீழே சென்றன. 18 இலிருந்து 40 க்கு ஏற்ற 22 பாகை வேண்டும். 200 ஐ 22 ஆற் பெருக்க 4,400 கிலோ கலோரி, 5.1 அலகு. அதே ஐவர், அதே இரண்டு வாளி. ஆயினும் வேண்டிய வெப்பம் ஏறக்குறைய இரட்டிப்பு. இஃது ஒரு பாதி.

மற்றப் பாதி வானத்தில் இருக்கிறது. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு நாளில் விழும் வெயிலையும் அலகுக் கணக்கில் அளக்கலாம். இலங்கையின் சமவெளியில் அது சராசரி 5 அலகை ஒட்டியது. மேகம் விட்டு நீங்காத நடுமலைச் சரிவுகளில் அது வெகுவாகக் குறையும். மஸ்கெலியாவில் நிர்மலமான மாசி மாதத்து நாளொன்றில் 5 அலகு கிடைக்கலாம். தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாட்களில் 2 கிடைப்பதே பாக்கியம். பாதுகாப்பான கணக்குக்காக 3 என்று வைத்துக்கொள்வோம். விழும் வெயில் முழுவதும் நீருக்குள் சேர்வதில்லை. நூற்றுக்கு 45 பங்கு சேர்ந்தால் தகடு நல்ல தகடுதான். ஆக, ஒரு சதுர மீற்றர்த் தகடு கொழும்பில் நாளொன்றுக்கு 2.25 அலகு வெப்பம் ஈட்டித் தருகையில், இங்கே 1.35 அலகுதான் தருகிறது.

குழாயிலும் தொட்டியிலும் இரவில் கசிந்து போகும் வெப்பத்துக்காகத் தேவையோடு கால்வாசியைக் கூட்டிக்கொள்வது விவேகம். கொழும்புக்கு 3.5 அலகு; மஸ்கெலியாவுக்கு 6.4 அலகு. இனி வகுத்துப் பாருங்கள். கொழும்பு வீட்டுக்கு ஒன்றரைச் சதுர மீற்றருக்குச் சற்று மேல். மஸ்கெலியா வீட்டுக்கு 4.7 சதுர மீற்றர். மூன்று மடங்கு! ஒரே தீவில், ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கும் இரு வீடுகளுக்கிடையே இத்தனை வேற்றுமை இருக்கக்கூடும் என்று அட்டவணை அச்சிட்டவர் நினைத்திருக்கமாட்டார் போலும்.

அம்மையார் வீட்டு நிலையை இப்பொழுது ஆராய்வோம். 2 சதுர மீற்றர்த் தகடு, நல்ல வெயில் எறிக்கும் தை மாதத்து நாளில் 4.5 அலகு, அதாவது 3,870 கிலோ கலோரி தரும். அது 200 லீற்றரில் பரவினால் 19 பாகை ஏறும். 18 உம் 19 உம் 37. சூடான நீர் தொட்டியின் மேற்புறத்தில் நிற்பதால் முதலிற் குளிப்பவருக்கு இன்னும் சற்றுச் சூடாகவே கிடைத்திருக்கும். ஆனி மாதத்தில், வெயில் 2 அலகு மட்டுமே உள்ள நாளில் என்ன ஆகும்? 1.8 அலகு, ஏறக்குறைய 1,550 கிலோ கலோரி. 200 லீற்றரை அது எட்டுப் பாகைகூட ஏற்றாது. தொட்டியில் நிற்கும் நீரின் சூடு 26 பாகை. கொழும்பிலே காசு கொடாமல் குழாயில் வரும் நீரே அதைவிடச் சூடானது! கிழவி பச்சைத் தண்ணீர் என்று சொன்னதில் மிகையே இல்லை.

இந்த இடத்தில் பலர் கூறும் யோசனை ஒன்றுண்டு. "இன்னும் பெரிய தொட்டியாக வாங்கியிருக்கலாம்" என்பார்கள். அந்த வீட்டுக்கு வந்த உறவினரும் அப்படித்தான் சொன்னாராம். இதைப்போலத் தவறான யோசனை வேறில்லை. சூட்டைத் தருவது தகடு. தொட்டி அதை வைத்திருக்கும் பாத்திரம் மட்டுமே. தேயிலை நாட்டில் இருந்துகொண்டு இதை விளக்கவா வேண்டும்? ஒரு கரண்டித் தேயிலையை ஒரு கோப்பை வெந்நீரில் இட்டால் சாயம் இறங்கும். அதே ஒரு கரண்டியை ஒரு பானை நீரில் இட்டால் நீரின் நிறம் சற்று மாறும், அவ்வளவுதான். தகட்டைப் பெருக்காமல் தொட்டியை மட்டும் பெருக்குவது பானையைப் பெருக்கும் வேலை. அதே 2 சதுர மீற்றர்த் தகட்டோடு 300 லீற்றர்த் தொட்டியை இணைத்திருந்தால் தை மாதத்திலும் 31 பாகையைத் தாண்டியிராது.

சமவெளியில் 2 சதுர மீற்றர்த் தகட்டுக்கு 150 முதல் 200 லீற்றர் வரை தொட்டி பொருந்தும். நம் மலைக்கு அந்தத் தகட்டுக்கு 100 லீற்றரே தகும் என்பது நமது கணிப்பு. ஐவர் உள்ள வீட்டுக்கு அப்படியானால் 4 சதுர மீற்றர், அதாவது இரண்டு தகடு. தொட்டி 200 லீற்றர். சாதாரண 3 அலகு நாளில் அது 41 பாகைக்கு வரும். நிர்மலமான நாளில் 57 க்கும் ஏறும்; அப்பொழுது குளிர்ந்த நீரைக் கலந்து வேண்டிய அளவுக்குப் பெருக்கிக்கொள்ளலாம். அத்தகைய நாட்களில் சிறு பிள்ளைகளின் கைக்கெட்டும் குழாயில் நேரே வெந்நீர் வராதபடி கலக்கும் வால்வு ஒன்று இருத்தல் அவசியம். மூவர் மாத்திரம் வாழும் வீட்டுக்கு ஒரு தகடும் 100 அல்லது 120 லீற்றர்த் தொட்டியும் போதும்.

ஆனி ஆடியிலும் தட்டின்றி வெந்நீர் வேண்டுமாயின் எத்தனை தகடு வேண்டும் என்று கேட்கலாம். ஆறும் ஏழும் சதுர மீற்றர் என்று கணக்கு வளரும். நாம் அதை ஒப்புக்கொள்ளமாட்டோம். மிக மோசமான மாதத்துக்கு அளவெடுத்தால், மற்ற மாதங்களில் நீர் கொதித்து வீணாகும், முதலும் முடங்கும். நடுத்தர நாளுக்கு அளவெடுத்து, மோசமான நாளுக்குத் துணை ஒன்றை வைத்துக்கொள்வதே குடும்பத்துக்கு உகந்தது. தீபாவளியும் அப்படியே. விடியுமுன் கங்கா ஸ்நானத்துக்கு வீட்டிலுள்ளோரும் வந்த விருந்தினரும் எண்ணெய் தேய்த்து வரிசையில் நிற்பர். அந்த ஒரு நாளுக்காகத் தொட்டியைப் பெருக்குவது, கலியாணத்துக்கு வந்தவர்களை எண்ணி வீட்டுக்குப் பாய் வாங்கியது போலாகும். அன்றைக்கு அண்டாவை அடுப்பில் ஏற்றுங்கள். பண்டிகைக்கு அதுவும் ஓர் அழகு.

துணை என்றோமே, அது இரண்டு வகை. மின்சார வசதியும் பணவசதியும் உள்ளோர், தொட்டிக்குள் அமைந்த மின்சூடேற்றியை மழைநாட்களில் மாத்திரம் பயன்படுத்தலாம். இரண்டு தகடு உள்ள வீட்டில் 2 அலகு வெயில் நாளில்கூட நீர் 33 பாகைக்கு வந்து நிற்கும். அதை 40 ஆக்க 1.6 அலகு மின்சாரம் போதும். சூரியன் இன்றேல் 5.1 அலகு ஆகியிருக்கும். இங்கே ஒரு விந்தையையும் கவனிக்க வேண்டும். நம் வெயிலை மறைக்கும் அதே மழைதான் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தையும் காசல்ரீயையும் நிரப்புகிறது. 1960களில் அந்த அணைக்காக நம் பழைய நகரமே நீருக்குள் போயிற்று. வரட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் தலைகாட்டுவதை இன்றும் சென்று பார்க்கிறோம். மழை பெய்யும் மாதத்தில் கனியன், லக்ஷபான நிலையங்கள் சுழல்கின்றன. மழை ஓய்ந்த மாதத்தில் நம் கூரைத்தகடு சூடேறுகிறது. ஒன்று சோரும்போது மற்றது கைகொடுக்கும் இந்த ஏற்பாடு மலைநாட்டுக்கு இயற்கை அளித்த கொடை.

மற்றத் துணை விறகடுப்பே. சூரியத் தொட்டி வந்தபின் அடுப்பு எரிந்தால் அது தோல்வி என்று அந்த அம்மையார் எண்ணியதுபோலவே பலரும் எண்ணுகின்றனர். மருமகள் அண்டாவைக் குழாயடியில் வைத்து 18 பாகைத் தண்ணீரை நிரப்பி அடுப்பிலேற்றினாள். தொட்டியிலோ 26 பாகை நீர் ஒருவருக்கும் பயனின்றி நின்றது. அந்த நீரை அண்டாவில் நிரப்பியிருந்தால் 22 பாகைக்குப் பதில் 14 பாகை ஏற்றினால் போதும். விறகில் மூன்றிலொரு பங்குக்கு மேல் மிச்சம். மழைக்காலத்தில் காய்ந்த விறகு கிடைப்பதே அரிது என்பதை நினைத்தால் இந்த மிச்சத்தின் பெறுமதி தெரியும். வெதுவெதுப்பான நீர், பாதி வழி வந்த நீர். அதை நாம் அம்மையாருக்கும் மருமகளுக்கும் ஒன்றாக இருக்கும்போதே விளக்கினோம். தொட்டி 200 லீற்றராகவே இருப்பதால், வசதி வரும்போது இரண்டாவது தகடொன்றை அருகே வைத்து இணைத்தால் குறை பெரும்பாலும் நீங்கிவிடும் என்றும் சொன்னோம். சேமலாபப் பணம் கரைந்து போகவில்லை. அரைவாசிச் சாதனமாக நிற்கிறது. மருமகள் அப்பொழுதுதான், "இதை முதல்லயே சொல்லியிருந்தா மாமி இம்புட்டு நாளு கவலப்பட்டிருக்க வேணாமே" என்றாள்.

இனி, குளிக்கும் நேரமும் அளவை மாற்றும். மலையிலிருந்து மாலையில் திரும்பும் தொழிலாளர் சேறும் அட்டைக்கடியுமாக வந்து அந்திநேரத்திலேயே குளிப்பர். பகலெல்லாம் ஏறிய சூடு அப்பொழுதுதான் உச்சத்தில் இருக்கும்; இரவுக் கசிவும் இல்லை. காலையில் பிரட்டுக்களத்துக்குப் போகுமுன் குளிப்பவரும் பள்ளிப் பிள்ளைகளும் மிச்சத்தைப் பயன்படுத்துவர். வீட்டில் பாதிப்பேர் மாலையிற் குளிப்பவராயின் நாம் மேலே கூட்டிய கால்வாசியில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம். எல்லோரும் விடியற்காலத்துக்கே காத்திருக்கும் வீட்டில் தொட்டியின் உறை தடிப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். குழாயின் நீளமும் சிறு விஷயமன்று. பத்து மீற்றர்க் குழாயில் ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் நீர் தங்கி ஆறிவிடும். ஒவ்வொருவரும் தனித்தனி நேரத்தில் திறந்தால் அத்தனை தடவையும் அது வீண். ஒருவர் பின் ஒருவராகக் குளிப்பதில் இப்படியும் ஓர் இலாபம் உண்டு.

எங்கே வைப்பது? நீர் நிரம்பிய 200 லீற்றர்த் தொட்டியும் தகடுகளும் தாங்கியும் சேர்ந்தால் 300 கிலோவுக்கு வந்துவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகளை வரிசையாகக் கோத்த பழைய லயத்தின் தகரக் கூரைக்கு அந்தப் பாரத்தை ஏற்றுதல் ஆபத்து. கூரை ஒருவருக்குச் சொந்தமும் அன்று. பக்கத்து அறைக்காரரின் தலைக்கு மேலும் அதே கைமரந்தான். தனி வீடு என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு. 2017 ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தபோது, திரண்டிருந்தவர்கள் சுவரையும் காணியையும் நினைத்திருப்பார்கள். ஏழு பேர்ச் காணியில் எழும் அத்தகைய வீட்டில் வெயில் பிடிக்கவும் ஒரு சொந்த இடம் கிடைக்கிறது. லயத்தில் இன்னும் வாழும் குடும்பங்களுக்குப் பொதுவான குளியலறையொன்றின் அருகே பெரிய தகடுகளை நிலத்தில் நிறுவிக் கொடுப்பது தோட்ட நிர்வாகங்களால் ஆகக்கூடிய காரியம். அது நடக்கும் என்று நாம் சோதிடம் சொல்லவில்லை. நடக்க வேண்டும் என்கிறோம்.

தனி வீட்டிலும் கூரைதான் கதி என்பதில்லை. நம் வீடுகள் பெரும்பாலும் சரிவை வெட்டிய மேடைகளில் அமைந்தவை. வீட்டுக்குப் பின்னே உயர்ந்த திட்டு இருக்கும். தொட்டியின் அடி, தகட்டின் தலைக்கு ஓர் அடியாவது மேலே இருக்க வேண்டும் என்பதே விதி. திட்டின் சரிவில் தகட்டையும் அதன் மேற்படியில் தொட்டியையும் வைத்தால் விதி தானே நிறைவேறிவிடும்; வீடு கீழே இருப்பதால் நீர் தானே இறங்கிவரும். கூரைக்குப் பாரமில்லை, துடைக்க ஏணியும் வேண்டாம். ஆனால் நிழலைக் கவனிக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு 7 பாகைக்குள் இருக்கும் நமக்கு, தகடு தெற்கு நோக்குகிறதா வடக்கு நோக்குகிறதா என்பது பெரிய வித்தியாசம் செய்யாது. நீர் சுற்றவும் மழைநீர் வழியவும் 10, 15 பாகைச் சரிவு இருந்தால் போதும். நம் பகுதியில் பெரும்பாலும் காலையில் வெயிலும் பிற்பகலில் மூடுபனியும் என்பதை எவரும் அறிவர். ஆதலின் கிழக்கே மறைப்பு இல்லாத இடமே உத்தமம். கிழக்குப் பக்கத்து யூக்கலிப்டஸ் மரமொன்று ஒன்பது மணிவரை நிழல் விழுத்தினால், அட்டவணையில் உள்ள எந்த எண்ணும் உங்களுக்குப் பொருந்தாது.

நல்லதண்ணிப் பக்கத்தில் யாத்திரிகர் விடுதி நடத்துவோருக்கு ஒரு வார்த்தை. மார்கழிப் பூரணை தொடங்கி வைகாசிப் பூரணை வரை நீளும் யாத்திரைக் காலமும், இப்பகுதியில் வெயில் மிகுந்த மாதங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. மலையேறி இறங்கி வந்தவரின் கால்வலிக்கு வெந்நீரைப்போல மருந்தில்லை. வீடுகளைப் போலன்றி, நீங்கள் நிர்மலமான நாளைக் கணக்கில் வைத்தே அளவெடுக்கலாம். ஓர் ஆளுக்கு 40 லீற்றர் என்பதை மட்டும் நம்ப வேண்டாம்; உச்சியில் குளிரில் நடுங்கி வந்தவர் கணக்குப் பார்த்துக் குளிப்பதில்லை.

நுவரெலியா வாசகர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள அப்பிரதேசத்தில் தை, மாசி இரவுகளில் நிலத்தில் உறைபனி படிவதுண்டு. 1913 இல் கலிபோர்னியாவில் வந்த கடுங்குளிரில் பெய்லியின் தகடுகளில் நீர் உறைந்து குழாய்கள் வெடித்தன. அதன்பின் அவர் உறையாத திரவத்தைத் தகட்டிலும், குளிக்கும் நீரைத் தொட்டியிலும் தனித்தனியாகச் சுற்றவிடும் முறையைக் கண்டார். பனி படியும் இடங்களில் அத்தகைய சாதனத்தையோ, வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள் கொண்டதையோ கேட்டு வாங்குவது நன்று. மஸ்கெலியாவுக்கு இந்தச் செலவு வேண்டியதில்லை.

வாங்கச் செல்லுமுன் வீட்டில் ஒரு வாரம் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. குளியலறை வாசலில் பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைத் தொங்கவிட்டு, ஒவ்வொருவரும் எத்தனை வாளி, காலையா மாலையா என்று கோடிட்டு வரச் செய்யுங்கள். எண்ணெய் முழுக்கு நாளையும் சேர்த்து எழுதுங்கள். விடியற்காலக் குழாய் நீரின் சூட்டை வெப்பமானியால் அளந்து பக்கத்தில் குறியுங்கள். அந்தத் தாளோடு கடைக்குச் சென்று, எத்தனை பேருக்கு எத்தனை லீற்றர் என்று கேளாமல், "18 பாகை நீரை, மழைமேகம் மூடிய நாளில், இந்தத் தகடு எத்தனை பாகைக்கு ஏற்றும்? பின்னர் இன்னொரு தகட்டை இதே தொட்டியில் இணைக்க இடம் உண்டா?" என்று கேளுங்கள். விடையை விலைச்சிட்டையின் பின்புறத்தில் எழுதிக் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் அன்பர்களுக்கு: உங்கள் ஊரில் வெயிலுக்குக் குறைவில்லை, சுண்ணாம்பு மிகுந்த கிணற்றுநீர் குழாய்க்குள் படிந்து அடைப்பதே அங்குள்ள தொல்லை. அதைப்பற்றி வரும் வாரம் எழுதுவோம்.